வில்லியம் வில்காக்ஸ்

சர் வில்லியம் வில்காக்ஸ் (செப்டம்பர் 27, 1852 - சூலை 28, 1932) இந்தியாவில் பிறந்த பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியாளர் ஆவார். எகிப்தில் நைல் நதியின் குறுக்கே 1902 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய அசுவான் அணையின் திட்டத்தை வகுத்தவர் இவரே. ஈராக்கில் யூப்ரடீசு ஆற்றின் மீதுள்ள இந்தியா தடுப்பணையும் இவரது திட்டத்தின்படி எழுந்ததாகும் (அங்குள்ள ஓர் ஊரின் பெயரால் அவ்வணை அவ்வாறு அழைக்கப்படுகிறது). பொறியியல் துறையில் பெரும் புகழ் பெற்ற இவர், வாழ்வின் பிற்பகுதியில் கெய்ரோ நகரத்து ஏழை மக்களிடையே கிறித்தவப் பணியில் ஈடுபட்டார். புதிய ஏற்பாட்டை எகிப்தியரின் பேச்சு வழக்கு அரபு மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அம்மொழிபெயர்ப்பு எழுப்பிய கருத்து மோதல் இவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அரபு நாடுகளில் அடங்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

வில்காக்சின் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைச் சேர்ந்தவர். வட இந்தியக் கால்வாய்ப் பணிகளில் இருந்தவர். கால்வாய்க் கரையோர முகாம்களிலேயே பிள்ளைகள் வளர்ந்தனர். இவருடைய தம்பி சேம்சு வில்காக்ஸ் படைத்துறையில் சேர்ந்து, முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் போரிட்ட இந்தியப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, பின்னர் பெர்முடாவின் ஆளுநரானார். அண்ணன் தந்தையின் வழியில் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார்.

இவர் பயின்றது ரூர்க்கியில் இருந்த தாமசன் பொறியியல் கல்லூரியில் ஆகும். 1854 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய்க்குத் தேவையான பொறியாளர்களை உருவாக்குவதற்காக 1847 இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி, 2001 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் ஒன்றாக விளங்குகிறது. கல்வியை முடித்து 1872 இல் இந்தியப் பொதுப்பணித் துறையில் சேர்ந்த வில்காக்ஸ், பதினோராண்டு காலம் வட இந்தியாவில் பணியாற்றினார். இங்கிலாந்தில் கல்வி கற்று இந்தியாவுக்கு வந்த பொறியாளர்களிடமிருந்து இவரை வேறுபடுத்தியது இந்தப் பின்னணியே. ஆறு என்றால் வண்டலும் வெள்ளமும் கொண்ட கீழை நாட்டு ஆறு என்றே இவர் அறிந்திருந்தார்.

எகிப்தில்

1882 இல் பிரித்தானியப் படைகள் எகிப்தைக் கைப்பற்றிய பிறகு, அந்நாட்டின் பாசனத்தைச் சீரமைக்க இந்தியாவில் அனுபவம் பெற்ற பொறியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைவராக வந்த காலின் இசுக்காட்-மான்கிரீப், 1883 இல் வில்காக்சை அழைத்துக்கொண்டார்.

கெய்ரோவுக்கு வடக்கே நைல் இரண்டாகப் பிரியும் இடத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் கட்டிய கழிமுகத் தடுப்பணை ஒன்று அப்போது இருந்தது. அடித்தளம் பழுதுற்றதால் தண்ணீரைத் தேக்க இயலாத வெறும் பாலமாக அது நின்றது. அதனைக் கைவிட்டு நீராவி எந்திரங்களால் நீர் இறைக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றிருந்த நேரத்தில், 1884 இல் சிறு தொகை செலவில் தற்காலிகப் பழுதுபார்ப்பு செய்து, அதில் நீரைத் தேக்கிக் காட்டும் பொறுப்பு வில்காக்சிடம் விடப்பட்டது. அவர் தேக்கிக் காட்டினார். அவ்வாண்டின் பருத்தி விளைச்சல் உயர்ந்தது. அதன் பின்னரே அணையை முழுமையாகச் சீரமைக்க அரசு பணம் ஒதுக்கியது.

அக்காலத்தில் எகிப்தின் கால்வாய்கள் ஆண்டுதோறும் கூலியில்லாக் கட்டாய உழைப்பினால் தூர்வாரப்பட்டு வந்தன. பெல்லாகீன் எனப்படும் குடியானவர்கள் தத்தம் உணவைத் தாமே சுமந்து சென்று, பல வாரங்கள் சேற்றில் நின்று மண்ணை வெறுங்கையால் அள்ளினர். வசதி படைத்தோரின் நிலத்துக்கு நீர் முதலில் சென்றது. வேலைக்கு ஏழையின் மகன் சென்றான். இம்முறையை ஒழிக்க மான்கிரீப் எடுத்த முயற்சியில் வில்காக்ஸ் முன்னின்று உழைத்தார். கால்வாய்களின் அமைப்பை மாற்றி வண்டல் படிவதைக் குறைத்ததும், தூர்வாருதலை ஒப்பந்தக் கூலி வேலையாக மாற்றியதும் இதற்கு வழிவகுத்தன. 1890களின் தொடக்கத்துக்குள் தூர்வாருதலுக்கான கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்தது. இவர் எகிப்தியக் குடியானவரின் பேச்சை நன்கு கற்றுக்கொண்டது இந்தக் கால்வாய்க் கரைகளில்தான். பின்னாளில் இவர் செய்த மொழிபெயர்ப்பின் வேர் இங்கே உள்ளது.

1889 இல் இவர் எழுதிய எகிப்தியப் பாசனம் என்ற நூல் வெளிவந்தது. 1899 இலும் 1913 இலும் விரிவாக்கப்பட்டு மறுபதிப்புக் கண்ட இந்நூல் நீண்ட காலம் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது.

அசுவான் அணை

நைல் நதியில் ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் பெருவெள்ளம் வரும். பண்டைக் காலம் முதல் எகிப்தியர் வயல்களைச் சுற்றிக் கரை எழுப்பி, வெள்ளத்தை ஏறத்தாழ ஒன்றரை மாதம் தேக்கி வைத்து, வண்டல் படிந்த பின் நீரை வடித்து, ஒரே ஒரு பயிர் செய்து வந்தனர். கோடையில் விளையும் பருத்திக்கு இம்முறை உதவாது. கோடைக் காலத்துக்கு நீர் வேண்டுமாயின் எங்கேனும் தேக்கியாக வேண்டும். ஆனால் வண்டல் நிறைந்த வெள்ளத்தைத் தேக்கினால் அணை சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். வயலுக்கும் வண்டல் கிடைக்காது.

1890 முதல் நைல் பள்ளத்தாக்கை அளந்து ஆராய்ந்த வில்காக்ஸ் இச்சிக்கலுக்கு ஓர் எளிய விடை கண்டார். அணையில் ஏராளமான மதகுகளை அமைத்து, வெள்ளக் காலத்தில் அவை அனைத்தையும் திறந்துவிட வேண்டும். கலங்கிய நீர் தடையின்றிச் சென்றுவிடும். வெள்ளம் வடிந்து நீர் தெளியும் குளிர்காலத்தில் மதகுகளை மூடித் தேக்கிக்கொள்ளலாம். ஆற்றின் இயல்புக்கு எதிராக நில்லாமல் அதனோடு இணங்கிச் செல்லும் இந்த அமைப்பு, அவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் எங்கும் முயலப்பட்டதில்லை. நீர்த்தேக்கங்களின் தலைமை இயக்குநர் என்ற பொறுப்பில் இவர் அளித்த திட்டத்தை 1894 இல் ஒரு பன்னாட்டுக் குழு ஆராய்ந்தது. முதலாம் அருவிக்கு அருகில், கருங்கல் பாறைப் படுகையுள்ள அசுவான் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அருகே இருந்த பிலே தீவின் ஐசிசு கோயில் நீரில் மூழ்கும் என்பதால் ஐரோப்பாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. குழுவின் பிரெஞ்சு உறுப்பினர் கையொப்பமிட மறுத்தார். அணையின் உயரம் குறைக்கப்பட்டது. கோயிலோ ஆண்டின் ஒரு பகுதியில் நீரில் நின்றது. (அக்கோயில்கள் 1970களில் பெயர்த்தெடுக்கப்பட்டு அருகிலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் அமைக்கப்பட்டன.)

அணை எழும்பியபோது வில்காக்ஸ் அரசுப் பணியில் இல்லை. 1897 இல் அவர் விலகிவிட்டார். வில்லியம் கார்சுட்டின் பொதுப்பணித் துறையை நடத்த, பெஞ்சமின் பேக்கர் ஆலோசகராக இருக்க, சான் அயர்டு நிறுவனம் 1898 க்கும் 1902 க்கும் இடையே அணையைக் கட்டி முடித்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமும் 180 மதகுகளும் கொண்ட அணை 1902 திசம்பர் 10 அன்று திறந்து வைக்கப்பட்டது. அதில் சுமார் 100 கோடி கன மீட்டர் நீரைத் தேக்க முடிந்தது. அதே ஆண்டு வில்காக்சுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அணை 1907-1912, 1929-1933 ஆகிய காலங்களில் இருமுறை உயர்த்தப்பட்டது.

அணையின் பயன் பெரிது. அதன் தீங்கும் சிறிதன்று. ஆண்டு முழுவதும் நீர் ஓடிய கால்வாய்களில் நத்தைகள் பெருகி, அவற்றின் வழியாகப் பரவும் பில்கார்சியா நோய் மேல் எகிப்து வரை சென்றது. வடிகால் இல்லாத நிலங்கள் உவர் நிலங்களாயின. இவற்றைச் சொல்லாமல் இவ்வணையின் வரலாற்றை எழுத இயலாது.

மெசொப்பொத்தேமியாவில்

அரசுப் பணியை விட்ட பின் வில்காக்ஸ், முன்னாள் கெதிவ் இசுமாயிலுக்கு உரியவையாக இருந்து கடனுக்காகப் பிடிக்கப்பட்ட பெரும் பண்ணை நிலங்களைப் பிரித்து விற்கும் நிறுவனத்தை நடத்தினார். 1901 இல் தென்னாப்பிரிக்காவின் பாசன வாய்ப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். எனினும் அவர் மனம் பாபிலோனியாவின் மீதே இருந்தது. டைகிரிசு ஆற்றின் பண்டைய கால்வாய்களை மீட்பது குறித்து 1903 ஆம் ஆண்டிலேயே கெய்ரோவில் உரையாற்றியிருந்தார்.

1908 இல் துருக்கியில் ஆட்சி மாற்றம் ஏற்பட்டபோது உதுமானிய அரசு இவரை அழைத்தது. 1911 வரை அங்கே தங்கி நிலத்தை அளந்து வரைபடங்கள் தயாரித்தார். யூப்ரடீசின் நீர் முழுவதும் இந்தியா கிளையில் இறங்கிவிட்டதால், பண்டைய பாபிலோன் இருந்த இல்லா கிளை வறண்டு, கரையோர ஊர்கள் அழிந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்க இவர் வகுத்த தடுப்பணை, இவர் விலகிய பின் சான் சாக்சன் நிறுவனத்தால் கட்டப்பட்டு 1913 திசம்பரில் திறக்கப்பட்டது.

விவிலியத்தைச் சிறு வயது முதல் படித்து வந்த இவர் இந்த ஆறுகளின் நாட்டில் அதனை ஒரு பொறியாளரின் கண்ணால் படித்தார். ஏதேன் தோட்டம் யூப்ரடீசின் கரையில் ஈத் நகருக்கு மேலே இருந்திருக்க வேண்டும் என்றும், ஆற்று நீர் தானாகவே பாய்ந்து தோட்டத்தை நனைக்கக்கூடிய மட்டம் அங்கேதான் உள்ளது என்றும் கருதினார். நோவா காலத்து வெள்ளத்தை இரு ஆறுகளின் கழிமுகத்தில் நேர்ந்த பெருவெள்ளமாக விளக்கினார். இக்கருத்துகளைத் தொகுத்து ஏதேன் தோட்டம் முதல் யோர்தான் கடத்தல் வரை என்ற பொருள்படும் நூலை 1918 இல் கெய்ரோவில் வெளியிட்டார். தொல்லியலாளர்கள் இவற்றை ஏற்கவில்லை. ஆயினும், வேதத்தை நம்பியவர் நீர்மட்டக் கருவியைக் கீழே வைக்கவில்லை என்பதை இந்நூல் காட்டுகிறது.

அவதூறு வழக்கு

முதலாம் உலகப் போரின் இறுதியில் நைல் நதிக்கான புதிய திட்டங்கள் உருவாயின. நீல நைலின் மீது சென்னாரில் ஓர் அணையும், வெள்ளை நைலின் மீது செபல் அவுலியாவில் ஓர் அணையும் கட்டுவது எகிப்தின் பொதுப்பணித் துறை ஆலோசகராயிருந்த மர்டாக் மக்டொனால்டின் திட்டம். சென்னார் அணை சூடானின் கெசிரா சமவெளியில் பருத்தி விளைவிப்பதற்கானது. இதனை வில்காக்ஸ் கடுமையாக எதிர்த்தார். தென் சூடானின் சட் சதுப்பு நிலத்தையே தேக்கமாகப் பயன்படுத்தலாம் என்பது அவர் கருத்து. தாம் ஐம்பது வயதுக்குள் செய்து முடித்த வேலையின் எதிர்காலம் தவறான கைகளில் சிக்கிவிட்டது என அவர் உறுதியாக நம்பினார்.

கருத்து வேறுபாட்டோடு நின்றிருந்தால் அது பொறியாளர்களுக்கிடையிலான விவாதமாகவே முடிந்திருக்கும். ஆற்றின் நீரளவுக் கணக்குகளை மக்டொனால்டு வேண்டுமென்றே திரித்தார் என்று 1919 இல் நைல் திட்டங்கள் என்ற நூலில் வில்காக்ஸ் குற்றம் சாட்டினார். இந்தியாவிலிருந்து கெபி, கேம்பிரிட்சிலிருந்து சிம்சன், அமெரிக்காவிலிருந்து கோரி ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் 1920 இல் அமைக்கப்பட்டது. கணக்குகள் திரிக்கப்படவில்லை என அது அறிவித்தது. எகிப்துக்கும் சூடானுக்கும் நீரைப் பங்கிடும் வகையில் மட்டும் கோரி மாறுபட்டார்.

வில்காக்ஸ் பின்வாங்கவில்லை. 1921 இல் எகிப்திலிருந்த பிரித்தானிய உயர் நீதிமன்றத்தில் அவர் மீது அவதூறு, அரசுக்கெதிரான தூண்டுதல் ஆகிய குற்றங்கள் சாட்டப்பட்டன. குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சிறைத் தண்டனை விதிக்காமல், ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டனர். அப்போது அவருக்கு வயது 68.

1919 ஆம் ஆண்டுப் புரட்சியின் சூட்டில் இருந்த எகிப்திய தேசியவாதிகள் இவரது குற்றச்சாட்டுகளை ஆவலுடன் பற்றிக்கொண்டனர். நைலின் மேல்பகுதியில் அணைகள் எழுந்தால், எகிப்தின் குரல்வளை பிரித்தானியர் கையில் சிக்கும் என்பது அவர்களின் அச்சம். அது வீண் அச்சமன்று. 1924 நவம்பரில் சூடானின் தலைமை ஆளுநர் லீ இசுட்டாக் கெய்ரோவில் கொல்லப்பட்டபோது, கெசிராவின் பாசனப் பரப்பை வரம்பின்றி விரிப்போம் என்று பிரித்தானிய உயர் ஆணையர் ஆலன்பி எகிப்தை மிரட்டியது வரலாறு. நீரளவுக் கணக்கைப் பொறுத்தவரை வில்காக்ஸ் தவறினார். நீரின் அரசியலைப் பொறுத்தவரை அவர் முற்றிலும் தவறினார் என்று கூற இயலாது. சென்னார் அணை 1925 இலும் செபல் அவுலியா அணை 1937 இலும் முடிவடைந்தன.

பேச்சு வழக்குக்கான போராட்டம்

வில்காக்சின் மொழிப் பணி திடீரெனத் தோன்றியதன்று. 1893 இல் கெய்ரோவின் எசுபெக்கியா மன்றத்தில் அவர் ஆற்றிய ஓர் உரை அப்போதே பரபரப்பை உண்டாக்கியது. எகிப்தியரிடம் புதியன கண்டுபிடிக்கும் ஆற்றல் ஏன் இன்று இல்லை என்பது அவ்வுரையின் பொருள். வீட்டிலும் வயலிலும் ஒரு மொழியைப் பேசி, பள்ளியிலும் நூலிலும் வேறொரு மொழியைக் கற்கும் மாணவன் தன் அறிவின் பெரும்பகுதியை அந்த இரண்டாவது மொழியைக் கற்பதிலேயே செலவிட்டுவிடுகிறான் என்பது அவருடைய விடை. அவ்வாண்டு தாமே பொறுப்பேற்று நடத்திய அல்-அசார் என்ற இதழில் உரையை வெளியிட்டார் (புகழ்பெற்ற அல்-அசார் பல்கலைக்கழகத்துக்கும் இவ்விதழுக்கும் தொடர்பில்லை). சேக்சுபியரின் நாடகப் பகுதிகளைப் பேச்சு வழக்கில் பெயர்த்தும் வெளியிட்டார். இதழ் நீடிக்கவில்லை.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டு நிற்கும் நிலை தமிழர்க்குப் புதிதன்று. அரபு மொழியில் இவ்விடைவெளி மேலும் அகன்றது. எழுத்து வழக்கு குர்ஆனின் மொழியோடு பிணைந்தது. மொராக்கோ முதல் ஈராக் வரையுள்ள மக்களை இணைக்கும் ஒரே நூல் அது. அதைத் தொடுவது சமயத்தையும் ஒற்றுமையையும் தொடுவதாகும். மேலும் இக்கருத்தை முன்வைத்தவர்களில் பலர் ஐரோப்பியர்: 1880 இல் எகிப்தியப் பேச்சு வழக்குக்கு இலக்கணம் எழுதிய வில்லெம் இசுப்பித்தா, 1901 இல் அதே பணியைச் செய்த நீதிபதி செல்டன் வில்மோர் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். நாட்டை ஆள்பவர்கள் நாட்டின் மொழியையும் உடைக்கப் பார்க்கிறார்கள் என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. அரபு மொழியே தன் மக்களிடம் முறையிடுவதாகக் கவிஞர் ஆபிசு இப்ராகீம் 1903 இல் பாடிய கவிதை இச்சூழலில் பிறந்ததே.

புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு

நைல் திட்டங்கள் குறித்த பூசலும் வழக்கும் ஓய்ந்தபின் வில்காக்சின் நாள்கள் பெரும்பாலும் சமயப் பணியில் கழிந்தன. அவர் குருப்பட்டம் பெறவில்லை. எந்தத் திருச்சபையின் ஊதியமும் பெறவில்லை. கெய்ரோவின் ஏழை மக்களிடையே மருத்துவ உதவிப் பணியிலும் நற்செய்தி அறிவிப்பிலும் ஒரு பொதுநிலையினராகவே ஈடுபட்டார்.

அப்போது எகிப்தில் வழங்கிய அரபு விவிலியம், பெய்ரூத்தில் 1865 இல் நிறைவுற்ற இசுமித்-வான் டைக் மொழிபெயர்ப்பு. அதன் அரபு நடை தூய்மையானது. கால்வாய்க் கரையில் நிற்கும் எழுத்தறியாக் குடியானவருக்கு அதனைப் படித்துக் காட்டினால், அது சமய நூல் என்பது புரியும்; என்ன சொல்கிறது என்பது புரியாது. வில்காக்ஸ் தொட்டது இந்த இடத்தை. பாசனத்தில் அவர் கேட்ட கேள்வியும் இதுவேதான்: தலைமதகில் எவ்வளவு நீர் பாய்கிறது என்பதை விட, கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது?

பகுதி பகுதியாகவும் பின்னர் முழுமையாகவும் 1920களில் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பின் தலைப்பே ஒரு அறைகூவலாக இருந்தது. நற்செய்தி நூலுக்கு எழுத்தரபில் வழங்கும் இன்சீல் என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. நல்ல செய்தி என்று பொருள்படும் அல்-கபர் அத்-தய்யிப் என்ற தொடரை எடுத்தார். இயேசு மெசியாவின் என்னும் இடத்தில் உடைமை உணர்த்த, கெய்ரோவின் சந்தையில் ஒலிக்கும் பித்தாவு என்ற சொல்லை வைத்தார். எந்த எழுத்து வழக்கு நூலிலும் இச்சொல் இடம்பெறாது. அட்டையைக் கண்டவுடனேயே கற்றவர்கள் முகம் சுளித்தனர். நடையும் அவ்வாறே: கெய்ரோவின் பாமர மக்களின் சொற்கள், சிறு வாக்கியங்கள், அலங்காரமில்லாத உரையாடல். கெய்ரோவில் 1905 இல் தொடங்கப்பட்ட நைல் மிசன் அச்சகம் இந்நூலை வெளியிட்டது.

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. முசுலிம் அறிஞர்கள் இதனைக் குர்ஆனின் மொழி மீதான தாக்குதலாகக் கண்டனர். கல்வியில் உயர்ந்துகொண்டிருந்த காப்டிக் கிறித்தவர்களோ, தங்கள் வேதம் தெருமொழியில் வருவதால் அண்டை வீட்டாரின் முன் தங்கள் சமயம் தாழ்ந்து தோன்றும் என எண்ணினர். மதப்பணியாளர்களும் ஒருமனப்படவில்லை. எகிப்தியப் பேச்சு வழக்கைக் கற்பிக்க 1917 இல் தாமே ஒரு நூல் எழுதியவரான ஆங்கிலிக்கக் குரு டெம்பிள் கெயர்ட்னர் போன்றவர்கள் வாய்மொழிப் போதனையில் அவ்வழக்கின் தேவையை உணர்ந்திருந்தனர். ஆனால் அச்சில் வரும் வேதம் என்றபோது எளிய எழுத்தரபே பொதுவான வழியாக நிலைத்தது. எழுத்தறியாதவர்க்கு என்று செய்யப்பட்ட நூலை அவர்கள் தாமாகப் படிக்க இயலாது, எழுத்தறிந்தவர்களோ அதைப் படிக்க விரும்பவில்லை என்பது இம்முயற்சியின் அடிப்படை இடர்ப்பாடு. இதனை வில்காக்சால் கடக்க முடியவில்லை.

எகிப்தியர்களில் இவருக்கு ஆதரவும் இருந்தது. சீர்திருத்த எழுத்தாளர் சலாமா மூசா, 1926 இல் அல்-இலால் இதழில் எழுதிய கட்டுரையில் இவர் எழுப்பிய கேள்வி நியாயமானது என்று வாதிட்டார். மூசா காப்டிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் எதிர்ப்பாளர்கள் அதற்கும் ஓர் உள்நோக்கம் கற்பித்தனர்.

அதே 1926 இல் வில்காக்ஸ் வெளியிட்ட இன்னொரு சிறு நூல் அவரது வாதத்துக்குத் தீங்கே செய்தது. எகிப்து, சிரியா, வட ஆப்பிரிக்கா, மால்ட்டா ஆகிய நாடுகளின் மக்கள் பேசுவது அரபு அன்று, பண்டைய பியூனிக் மொழியே என்று அதில் நிறுவ முயன்றார். மொழியியல் இதனை ஏற்பதில்லை. அவை அனைத்தும் அரபு மொழியிலிருந்து கிளைத்தவையே. பேச்சு வழக்குக்கு மதிப்பு வேண்டும் என்பதற்கு அது வேறு மொழியாக இருக்க வேண்டிய தேவையுமில்லை. தெளிவான ஒரு கருத்தை மிகைப்படுத்திப் பலவீனமாக்கும் குணம், நைல் வழக்கில் தெரிந்தது போலவே இங்கும் தெரிகிறது. உணவும் நம்பிக்கையும் என்ற பொருள்படும் ஒரு நூலையும் 1929 இல் பேச்சு வழக்கில் எழுதி வெளியிட்டார்.

வங்காள உரைகள்

75 ஆம் அகவையில் வில்காக்ஸ் பிறந்த நாட்டுக்கு மீண்டும் வந்தார். 1928 இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அழைப்பின்பேரில் வங்காளத்தின் பண்டைய பாசன முறை பற்றி அவர் ஆற்றிய உரைகள் 1930 இல் நூலாயின. வங்காளத்தில் செத்த ஆறுகள் எனப்பட்டவை இயற்கை ஆறுகளே அல்ல, அவை பண்டைய மன்னர்கள் வெட்டிய அகன்ற, ஆழமில்லாத பாசனக் கால்வாய்கள் என்பது அவருடைய துணிபு. கங்கை, தாமோதர் ஆறுகளின் செந்நிறக் கலங்கல் நீர் அக்கால்வாய்களில் சென்று, கரைகளில் ஆங்காங்கே வெட்டிவிடப்பட்ட திறப்புகள் வழியாக வயலில் பரவியது. வண்டலோடு மீன் குஞ்சுகளும் வந்தன. அம்மீன்கள் கொசுவின் முட்டைப் புழுக்களைத் தின்றன. பிரித்தானிய ஆட்சியில் வெள்ளத் தடுப்புக் கரைகளும் இருப்புப் பாதைக் கரைகளும் எழுந்து இவ்வழிகள் அடைபட்டதால் மண் வளம் குன்றியது, மலேரியா பெருகியது என்றார். வங்காளப் பொதுச் சுகாதார இயக்குநராயிருந்த பென்ட்லியின் மலேரியா ஆய்வுகள் இவருக்குத் துணை நின்றன. தவம் செய்து கங்கையைக் கொணர்ந்த பகீரதனை, கங்கை நீரைத் தெற்கே திருப்பிய ஒரு பொறியாள மன்னனாக இவர் விளக்கியதும் இவ்வுரைகளில்தான். ஏதேனைப் படித்த கண்ணே இங்கும் தெரிகிறது.

வங்காள அரசின் பாசனத் துறை இக்கருத்தை ஏற்கவில்லை. அந்த ஆறுகள் அனைத்தும் மனிதர் வெட்டியவை என்பதை ஆற்றியல் ஆய்வாளர்கள் பலரும் இன்று ஒப்புவதில்லை. எனினும் வெள்ளத்தைப் பகையாகக் கருதிக் கரை கட்டுவதன் தீங்கு பற்றி அவர் கூறியது பின்னாளில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. இந்நூல் 1984 இல் தில்லியில் மறுபதிப்பாயிற்று.

மறைவும் பின்னரும்

வில்காக்ஸ் 1932 சூலை 28 அன்று கெய்ரோவில் காலமானார். அப்போது அசுவான் அணையின் இரண்டாம் உயர்த்தும் பணி நடந்துகொண்டிருந்தது. கிழக்கில் அறுபது ஆண்டுகள் என்ற பொருள்படும் அவரது தன்வரலாறு 1935 இல் வெளிவந்தது.

அரபு உலகில் இவர் பெயர் அணையோடு அல்லாமல் பேச்சு வழக்கோடு சேர்த்தே பெரிதும் பேசப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் கண்டனமாக. நபூசா சக்கரியா சயீத் 1964 இல் வெளியிட்ட, எகிப்தில் பேச்சு வழக்கு இயக்கத்தின் வரலாறு பற்றிய நூல், வில்காக்சை ஆதிக்கத்தின் கருவியாகவே காண்கிறது. இக்கருத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அவர் ஆக்கிரமிப்பு ஆட்சியின் அலுவலராகவே எகிப்துக்கு வந்தவர். ஆயினும் அதே ஆட்சி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும்.

வில்காக்சின் புதிய ஏற்பாடு வழிபாட்டில் நிலைபெறவில்லை. எகிப்தியப் பேச்சு வழக்கோ திரைப்படம், வானொலி, பாடல் ஆகியவற்றின் வழியாக அரபு நாடுகள் எங்கும் பரவியது. 2008 ஆம் ஆண்டு அவ்வழக்கில் தனி விக்கிப்பீடியா தொடங்கப்பட்டபோது, 1893 இல் எசுபெக்கியா மன்றத்தில் கேட்ட அதே வாதங்களும் எதிர்வாதங்களும் மீண்டும் எழுந்தன.